பாதியில நின்னு போன சன்ரூஃப்: வாசகர் கேள்வி பதில்

கார் பழசாக பழசாக எல்லாருக்கும் ஒரே தலைவலிதான் போல, இந்த தடவை வந்த கேள்விகள்ல சன்ரூஃப், அதான் கார் கூரையில இருக்கற தொறந்து மூடுற கண்ணாடி, அத பத்தி கேட்டதே நிறைய. அதனால வேற எதையும் கலக்காம அத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், என் கார் வாங்கி 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. சன்ரூஃப தொறந்தேன், பாதி தூரம் போய் அங்கயே நின்னுடுச்சு. முன்னாடியும் வரல, பின்னாடியும் போகல. ஸ்விட்ச அழுத்துனா முதல்ல கிர்ர்னு சத்தம் வந்துச்சு, திரும்ப திரும்ப அழுத்துனதுல இப்ப அந்த சத்தமும் இல்ல. மோட்டார் போயிடுச்சா? வானம் வேற இருட்டிக்கிட்டு வருது, என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: முதல்ல ஸ்விட்ச்ல இருந்து கைய எடுங்க. இன்னும் ஒரே ஒரு தடவைன்னு கூட அழுத்தாதீங்க. சிக்குனதால உடையிற சன்ரூஃப விட, சிக்குனதுக்கு அப்புறம் விடாம அழுத்தி உடைச்ச சன்ரூஃப்தான் ஒர்க்‌ஷாப்புக்கு நிறைய வருது. உள்ள தண்டவாளத்துல கண்ணாடிய தாங்கிக்கிட்டு ஓடுற ஸ்லைடர் எல்லாம் பிளாஸ்டிக்ல செஞ்சது, வெயில்லயே கெடந்து வருஷக்கணக்குல காஞ்சு போயிருக்கும். மோட்டாருக்கு இருக்கற முரட்டு பலத்த அது தாங்காது.

சத்தம் நின்னதுக்கு பயப்பட வேண்டாம். நிறைய மோட்டார்ல சூடு ஏறுனா தானா கட் ஆகுற ஏற்பாடு இருக்கு, நீங்க விடாம அழுத்துனதுல அது கட் பண்ணியிருக்கும். ஒரு 15 நிமிஷம் அப்டியே விடுங்க. அந்த நேரத்துல ஒரு டார்ச் எடுத்து ரெண்டு பக்க தண்டவாளத்தையும் முன்னாடில இருந்து பின்னாடி வரைக்கும் பாருங்க, காஞ்ச இலைக்காம்பு, பொடிக்கல்லு, உடைஞ்ச பிளாஸ்டிக் துண்டு ஏதாவது குறுக்க கெடக்குதான்னு. ஸ்லைடர் போற வழியில ஒரு சின்ன கல்லு போதும் மொத்தமும் நின்னு போக. கெடந்தா பிளாஸ்டிக் குச்சியாலயோ ட்வீசராலயோ எடுங்க, ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பாதீங்க. உள்ள நிழலுக்கு ஒரு தட்டி இருக்குமே, சன்ஷேட், அதையும் தனியா நகர்த்தி பாருங்க. சில சமயம் கண்ணாடி நல்லாதான் இருக்கும், இந்த ஷேட்தான் கோணிக்கிட்டு வழி விடாம நிக்கும்.

15 நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு தடவை அழுத்துங்க, காது குடுத்து கேளுங்க. சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், ஸ்விட்ச், ஒயர், மோட்டார், இந்த வரிசையில பாக்கணும். ஃபியூஸ்தான் முதல்ல, ஏன்னா அத மாத்த 2 நிமிஷம்தான், ஆனா அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும். மோட்டார் ஓடுற சத்தம் நல்லா கேக்குது, கண்ணாடி மட்டும் அசையலன்னா கரண்டு பக்கம் பிரச்சனை இல்ல, மோட்டாரோட பல்சக்கரமோ, கண்ணாடிய நகர்த்தற கேபிளோ போயிருக்கு. டக் டக் டக்னு தாவுற சத்தம்னா சக்கரத்தோட பல்லு கேபிள்ல பிடிமானம் இல்லாம வழுக்குதுன்னு அர்த்தம். ஒரு முக்கு முக்கி நின்னுட்டா தண்டவாளத்துல இறுக்கம்.

இப்ப மழைக்கு முன்னாடி மூடணும், ரிப்பேர் அப்புறம். பெரும்பாலான பழைய கார்ல முன்பக்க உள் லைட்டுக்கு பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கும், அத கழட்டுனா மோட்டார் நடுவுல அறுகோண ஓட்டை தெரியும். அதுக்கான சாவி காரோட டூல் பையிலயே இருக்கலாம், இல்லைன்னா ஆலன் கீ செட்ல 4 மி.மீ., 5 மி.மீ. ரெண்டையும் வச்சு பாருங்க. சில மாடல்ல சாவிய மேல நல்லா அமுக்கிக்கிட்டே திருப்பணும், அப்பதான் மோட்டார் பிடி விடும். மெதுவா திருப்புங்க. இறுக்குனா கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி தளர விட்டு மறுபடி வாங்க. வெளிய ஒருத்தர நிக்க வச்சு ரெண்டு உள்ளங்கையையும் கண்ணாடியோட ரெண்டு பக்கமும் சமமா வச்சு, நீங்க திருப்ப திருப்ப லேசா மூடுற பக்கம் தள்ள சொல்லுங்க. ஓரத்தை மட்டும் பிடிச்சு நெம்பக் கூடாது, இது டெம்பர்ட் கண்ணாடி, நடுவுல எவ்ளோ பலமோ ஓரத்துல அவ்ளோ பலவீனம், ஓரத்துல சரியான அடி பட்டா மொத்தமும் பொடிப்பொடியா கொட்டிடும்.

எதுவும் நடக்கலன்னா கெட்டியான பாலித்தீன் ஷீட்ட கூரை மேல போட்டு, பெயிண்ட்ட உரிக்காத மாஸ்கிங் டேப்பால சுத்தி ஒட்டி, மெதுவா ஓட்டி ஒர்க்‌ஷாப் போங்க. மூடிட்டீங்கன்னா சன்ரூஃப் ஃபியூஸ உருவி பத்திரமா வச்சிருங்க, வீட்டுல யாராவது தெரியாம அழுத்திட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சில கார்ல அதே ஃபியூஸ்ல வேற எதுவும் ஓடலாம், அத மட்டும் பாத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா, என் கார் சன்ரூஃப் மூடும்போது இடது பக்கம் முன்னாடி வந்துடுது, வலது பக்கம் ஒரு விரல்கட்டை பின்னாடியே நிக்குது. கோணலா மாட்டிக்கிட்டு கரகரன்னு சத்தம். கண்ணாடிய மாத்தணும்ங்கறாங்க, நெஜமாவா?

பதில்: கண்ணாடி மேல தப்பு இல்லப்பா. அடியில இருக்கற ரெண்டு கேபிள்ல ஒண்ணு பின்தங்கிடுச்சு. மேஜை டிராயர ஒரு ஓரத்துல மட்டும் பிடிச்சு இழுத்தா கோணிக்கிட்டு சிக்குமே, அதேதான் இங்கயும் நடக்குது.

உள்ள எப்டி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். மோட்டார் ஒண்ணுதான், கேபிள் ரெண்டு, இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு. அந்த கேபிள கையில எடுத்து கிட்ட வச்சு பாருங்க, நடுவுல வளையக்கூடிய தடிச்ச கம்பி, அது மேல இன்னொரு மெல்லிசான கம்பிய ஸ்க்ரூ மரை கணக்கா இடைவெளி விட்டு சுத்தியிருப்பாங்க. அந்த சுத்துக்கு நடுவுல இருக்கற பள்ளத்துலதான் மோட்டாரோட பல்சக்கரம் உக்காருது. சக்கரம் ரெண்டு கேபிளுக்கும் நடுவுல இருக்கறதால ஒரு சுத்து சுத்துனா ரெண்டு கேபிளும் எதிரெதிர் திசையில ஓடும், வளைஞ்சு திரும்பி போற பாதையால ரெண்டு பக்க ஸ்லைடரும் ஒரே பக்கமா சமமா நகரும். அழகான ஏற்பாடு, ஆனா ஒரு பக்க தண்டவாளம் மட்டும் காஞ்சு இறுகிட்டா அந்த பக்க கேபிள் நிக்கும், சக்கரம் ரெண்டு மூணு பல்லு தாவி போயிடும், அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் சேரவே சேராது. தேஞ்ச கேபிள்ல சக்கரம் உக்கார்ற இடத்துல மட்டும் அந்த சுத்து மழமழன்னு தட்டையாகி பளபளக்கும். அப்டி இருந்தா சரி பண்ணி பிரயோஜனம் இல்ல, கேபிள மாத்தியே ஆகணும். மாத்துறதுன்னா ரெண்டையும் சேத்து மாத்துங்க.

கேபிள் நல்லா இருந்தா மறுபடி சமன் பண்ணலாம். கண்ணாடி பக்கவாட்டுல இருக்கற பிளாஸ்டிக் பட்டிய எடுத்தா ஸ்க்ரூ தெரியும், பொதுவா ஒரு பக்கத்துக்கு ரெண்டோ மூணோ, நட்சத்திர தலை டார்க்ஸ் ஸ்க்ரூ. கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு மார்க்கரால கோடு போட்டு வைங்க, ஃபோன்ல படமும் எடுங்க. கண்ணாடிய ரெண்டு பேரா மேல் பக்கமா தூக்கி போர்வை மேல வைங்க. இப்ப இடது ஸ்லைடரையும் வலது ஸ்லைடரையும் பக்கத்து பக்கத்துல ஒப்பிட்டு பாருங்க, உடைஞ்சது எதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். முக்காவாசி நேரம், கண்ணாடிய மேல தூக்குற கை மாதிரியான பாகத்துக்கு பக்கத்துல இருக்கற சின்ன பிளாஸ்டிக் கொக்கிதான் உடைஞ்சிருக்கும், சுண்டு விரல் நகம் அளவு கூட இருக்காது, அதுதான் இவ்ளோ பெரிய கண்ணாடிய பிடிச்சு வச்சிருந்திருக்கு.

அடுத்து மோட்டார ஸ்விட்ச்ச வச்சு முழுசா மூடுன நிலைக்கு கொண்டு வாங்க, அப்புறம் அத கழட்டுங்க. கழட்டுனதும் கேபிள் ரெண்டும் விடுதலை ஆயிடும், கையாலயே தள்ளி ரெண்டு ஸ்லைடரையும் மூடுன இடத்துக்கான அடையாளத்துல நிறுத்துங்க. பல மாடல்ல அங்க ஒரு கோடோ, பின்னு சொருகுற ஓட்டையோ இருக்கும். ரெண்டும் சேந்து நிக்குதுன்னு உறுதி பண்ணிட்டு மோட்டார ஏத்துங்க. மோட்டார் தன் இடத்த தானே கணக்கு வச்சிருக்கும், அது தொறந்த கணக்குல இருக்கும்போது மூடுன ஸ்லைடர்ல மாட்டுனீங்கன்னா முதல் அழுத்துலயே எதையாவது உடைச்சிடும். இந்த ஒரு விஷயத்துல அவசரப்படாதீங்க.

கடைசியா கண்ணாடியோட உயரம். முன் ஓரம் கூரைக்கு சமமா, இல்ல 1 மி.மீ. வரைக்கும் கீழ, பின் ஓரம் சமமா, இல்ல 1 மி.மீ. வரைக்கும் மேல, பொதுவா இந்த அளவுதான். தலைகீழா வச்சா ஓடும்போது காத்து விசிலடிக்கும். ஒரு பேப்பர் துண்ட ரப்பர்ல வச்சு மூடி இழுத்து பாருங்க, சுத்தி எல்லா இடத்துலயும் ஒரே இழுவை இருக்கணும்.

கேள்வி: நல்லா தொறக்குது, மூடும்போது கடைசி ஒரு இஞ்ச்ல நின்னு தானா திரும்ப தொறந்துக்குது. மோட்டார் மாத்தணுமா?

பதில்: வேண்டாம். மோட்டார் தன் வேலைய ஒழுங்கா செய்யுது. கை விரல் மாட்டிக்கிட்டா கண்ணாடி பின்வாங்கணும்னு ஒரு பாதுகாப்பு வச்சிருக்காங்க, மூடும்போது வழக்கத்த விட அதிக எதிர்ப்பு வந்தா யாரோட விரலோ நடுவுல இருக்குன்னு அது நெனச்சு தொறந்துடும். உங்க கார்ல விரல் இல்ல, அழுக்கு.

தண்டவாளத்த ஒரு தடவை கிட்ட போய் பாருங்க. கம்பெனில வச்ச கிரீஸ் இப்ப கிரீஸா இருக்காது, தூசியோட கலந்து கருப்பா கெட்டி தட்டி, நகத்தால சுரண்டுனா மெழுகா உருண்டு வரும். மூடுற கடைசி இடத்துலதான் அது தள்ளிக்கிட்டே வந்து குமிஞ்சு நிக்கும். அதனாலதான் உங்களுக்கு கடைசி இஞ்ச்ல சிக்குது. முழுசா தொறந்து வச்சுக்கிட்டு, சீட்டு மேல துணி போட்டுட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியாலயும் இயர்பட்ஸாலயும் துடைங்க. தண்டவாளத்தோட உள் மூலையில துணி போகாது, பிளாஸ்டிக் குச்சி முனையில துணிய சுத்தி விடுங்க. முதல் துணி கருப்பா வரும், ரெண்டாவதும் கருப்பாதான் வரும், துணி வெள்ளையா திரும்புற வரைக்கும் விடாதீங்க. கூரைத்துணி மேல சொட்டு விழாம பாத்துக்கோங்க, உள்ள இருக்கற பசைய அது இளக்கிடும். சுத்தி இருக்கற ரப்பரையும் ஈரத்துணியால துடைங்க, மடங்கி இருந்தா நிமித்தி விடுங்க, மடங்குன ரப்பர் கூட இதே தொந்தரவ குடுக்கும்.

சுத்தம் பண்ணி புது கிரீஸ் மெலிசா தடவுனதும் ரீசெட் பண்ணணும். நிறைய கார்ல மூடுற பக்கமோ டில்ட் (கண்ணாடியோட பின் ஓரத்த மட்டும் மேல தூக்குறது) பக்கமோ ஸ்விட்ச 10 முதல் 30 செகண்டு விடாம அழுத்தி பிடிச்சா, கண்ணாடி தானா ஒரு முழு சுத்து போய் வந்து தன் அளவ மறுபடி கத்துக்கும். எந்த பக்கம் எவ்ளோ நேரம்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், உங்க மேனுவல்ல போட்டிருப்பாங்க. நடுவுல கைய எடுத்தா திரும்ப முதல்ல இருந்து. பேட்டரி கழட்டி மாட்டுனாலும் சில கார்ல இந்த ரீசெட் தேவைப்படும், அது தெரியாம மோட்டார மாத்துனவங்க இருக்காங்க. ஒரு விஷயம், இப்டி அழுத்தி பிடிக்கற நேரத்துல அந்த விரல் பாதுகாப்பு வேலை செய்யாம போகலாம், கொழந்தைங்கள கார விட்டு இறக்கிட்டு செய்ங்க.

கேள்வி: மெக்கானிக் டபிள்யூடி-40 அடிச்சு விட்டார், ஒரு வாரம் சூப்பரா ஓடுச்சு, இப்ப முன்ன விட மோசம். ஏன்?

பதில்: அந்த சாதாரண நீல டப்பா ஸ்ப்ரே துருவ இளக்கவும் ஈரத்த விரட்டவும் நல்லது, ஆனா தண்டவாளத்துக்கு நிரந்தர எண்ணெய் கிடையாது. மிச்சம் இருந்த கிரீஸையும் கரைச்சுட்டு தானும் ஆவியாகி, பிசுபிசுன்னு ஒரு படலத்த விட்டுட்டு போகும், அதுல தூசி வந்து ஒட்டும். இப்ப முழுசா துடைச்சுட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவர்ற சிலிகான் கிரீஸோ பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கலந்த கிரீஸோ விரல் நுனியால மெலிசா தடவுங்க. உங்க கார் கம்பெனி குறிப்பிட்ட கிரீஸ் சொல்லியிருந்தா அதுதான் முதல் சாய்ஸ். ரப்பருக்கு சிலிகான் போதும். பெட்ரோலியம் கிரீஸ ரப்பர் பக்கமே கொண்டு போகாதீங்க, ஊறி உப்பிடும்.

கேள்வி: மழை பெஞ்சா உள் லைட்டு பக்கத்துல இருந்து தண்ணி சொட்டுது சார். சன்ரூஃப எப்டியும் தொறக்கறதில்ல, சுத்தி சிலிகான் சீலன்ட் போட்டு நிரந்தரமா அடைச்சுட்டா என்ன?

பதில்: தயவு செஞ்சு அடைக்காதீங்க. ரப்பர் தேஞ்சதாலதான் ஒழுகுதுன்னு நெனச்சுத்தான் நிறைய பேர் இத பண்றாங்க, ஆனா சன்ரூஃப் ரப்பர் ஒரு சொட்டு தண்ணி கூட விடக்கூடாதுன்னு செஞ்சது இல்ல. கொஞ்சம் தண்ணி உள்ள வரத்தான் செய்யும், அத பிடிக்க கண்ணாடிக்கு கீழ ஒரு தட்டு இருக்கு, தட்டோட மூலைகள்ல குழாய் இருக்கு. முன்பக்க குழாய் ரெண்டும் விண்ட்ஷீல்டு ஓரத்து தூண் வழியா இறங்கி கதவு கீல் பக்கத்துலயோ ஃபெண்டருக்கு பின்னாடியோ வெளிய விடும், பின்பக்கம் உள்ளது பின் தூண் வழியா பம்பர் பக்கமா போகும். உங்க குழாய் அடைச்சிருக்கு, தட்டு நெறஞ்சு வழியுது.

தொறந்து முன் மூலையில ஓட்டைய கண்டுபிடிங்க, ஒரு சின்ன கப்புல தண்ணி எடுத்து மெதுவா ஊத்துங்க, வெளிய கீழ சொட்டுதான்னு பாக்க ஒருத்தர நிக்க வைங்க. சொட்டலைன்னா புல் வெட்டுற மெஷின்ல போடற நைலான் கம்பிய, முனைய லைட்டர்ல லேசா காட்டி மழுங்கடிச்சு, மேல இருந்து மெதுவா விட்டு ஆட்டுங்க. கம்ப்ரெசர் காத்த முழு வேகத்துல அடிக்காதீங்க, கூரைக்குள்ள குழாய் மூட்டுல இருந்து கழண்டுக்கும், அப்புறம் தண்ணி நேரா கார்ப்பெட்டுக்கு போகும். கீழ வெளிய வர்ற இடத்துல சில கார்ல ஒரு ரப்பர் மூக்கு இருக்கும், அத ரெண்டு விரலால கசக்கி விட்டாலே சேறு கொட்டி தண்ணி சரசரன்னு எறங்கறது உண்டு. ஓட்டுனர் காலடி கார்ப்பெட்ட தூக்கி அடியில கைய வச்சு பாருங்க, ஈரமா இருந்தா காய விடுங்க, பல கார்ல ஒயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டும் அந்த பக்கம்தான் இருக்கு. சீலன்ட் போட்டிருந்தீங்கன்னா குழாய் அடைப்பு அப்டியே இருக்கும், நாளைக்கு தட்ட சரி பண்ணவும் கண்ணாடிய அறுத்துதான் எடுக்கணும்.

கேள்வி: பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கேன். சன்ரூஃப் பல வருஷமா தொறக்கவே இல்லையாம். தொறந்து பாக்கலாமா, விட்டுடலாமா?

பதில்: தொறக்கலாம், ஆனா ஸ்விட்ச்ல ஆரம்பிக்காதீங்க. பல வருஷம் மூடியே கெடந்தா ரப்பர் கூரையோட ஒட்டிக்கும். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒண்ண சிலிகான் ஸ்ப்ரேல (சீலன்ட் இல்ல) நனைச்சு கண்ணாடிய சுத்தி ரப்பர் இடுக்குல மெதுவா ஓட்டிட்டு வாங்க. அப்புறம் உள்ள இருந்து ஒருத்தர் பின் ஓரத்த உள்ளங்கையால மேல தாங்கி குடுக்க, இன்னொருத்தர் டில்ட் மட்டும் அழுத்தணும். டில்ட் ஏறி இறங்குனா தண்டவாளத்த சுத்தம் பண்ணிட்டு, ஒரு கையளவு தொறந்து மூடி, இன்னும் கொஞ்சம் தொறந்து மூடி, அப்டியே கூட்டிக்கிட்டே போங்க. முதல் நாளே கடைசி வரைக்கும் ஓட விடாதீங்க. எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போது செய்ங்க, பேட்டரி வோல்டேஜ் கொறைவா இருந்தா நல்ல மோட்டார் கூட திணறும். மழை நாள்ல இந்த சோதனை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முழு அசெம்ப்ளியே மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. கூரைத்துணிய வேற இறக்கணுமாம். நானே செய்யலாமா?

பதில்: எது உடைஞ்சிருக்குன்னு முதல்ல கேளுங்க, உடைஞ்ச பாகத்த கண்ணால பாருங்க. ஸ்லைடர், கேபிள், மோட்டார் இதெல்லாம் பல மாடலுக்கு தனித்தனியா ரிப்பேர் கிட்டா கிடைக்குது, அதுக்காக முழுசா மாத்த வேண்டியதில்ல. அலுமினிய தண்டவாளமே வளைஞ்சிருந்தாலோ, ஸ்லைடர் ஓடுற பள்ளம் தேஞ்சு அகலமாயிருந்தாலோ, தட்டு விரிசல் விட்டிருந்தாலோ அவங்க சொல்றது சரி, அப்ப முழு ஃபிரேமையும் மாத்தித்தான் ஆகணும். ஒரே மாடல் பழைய காருல இருந்து கழட்டுன ஃபிரேம் கிடைச்சாலும் போடலாம், ஆனா பாகத்தோட நம்பர் ஒத்துப்போகணும், ஸ்லைடர ஓட்டி பாத்துட்டு வாங்கணும்.

கூரைத்துணிய இறக்கற வேலைய வீட்டுல செய்ய வேண்டாம்னுதான் சொல்வேன். நிறைய கார்ல கதவுக்கு மேல கூரை ஓரத்துல கர்ட்டன் ஏர்பேக் சுருட்டி வச்சிருக்கும், தூண் மூடிய கழட்டும்போது அதோட ஒயர்லயோ பிடிப்புலயோ கை வச்சா ஆபத்து. பேட்டரிய கழட்டி, மேனுவல் சொல்ற நேரம் காத்திருந்து, தெரிஞ்சவங்க செய்யட்டும். பெரிய பனோரமிக் கூரைன்னா கண்ணாடியே தூக்க முடியாத கனம், அது ஒர்க்‌ஷாப் வேலைதான். சாதாரண சின்ன சன்ரூஃப்ல மேல இருந்து கண்ணாடிய எடுத்து செய்ய முடியற வேலை, சுத்தம் பண்றது, கிரீஸ் போடறது, பல மாடல்ல ஸ்லைடர் மாத்துறது கூட, இது வரைக்கும் நீங்க தாராளமா இறங்கலாம். கூரைத்துணி எறங்கற அன்னைக்கே தண்ணி வடியற நாலு குழாயையும் பாத்து, காஞ்சு வெடிச்சிருந்தா மாத்தி, மூட்டுல கிளிப் போட சொல்லுங்க, துணி திரும்ப ஏறிடுச்சுன்னா அங்க கை எட்டாது.